தாளமே காணோம்: என் பெட்டியில் கோளாறா, பிரெஞ்சுப் பாட்டே இப்படித்தானா?

கோத்தகிரி தோட்டக்காரன்:
எங்கள் மாடி அறையில் நாலு நாள் தங்கிய பிரெஞ்சு அம்மா ஒருவர், கிளம்பும்போது ஒரு எல்.பி. ரிக்கார்டு கொடுத்துவிட்டுப் போனார். பாடியவர் பிரான்சுவாஸ் ஹார்டி, வருஷம் 1971. அப்பா காலத்து எச்.எம்.வி. ஃபியஸ்டா ரிக்கார்டு பிளேயரில் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு குரல், கூட ஒரு கிட்டார். டிரம்ஸ் சத்தத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கம்பியில் விரல் இழுபடும் கீச்சுகூடக் கேட்கிறது. அதே ஊசியில் எம்.எஸ்.வி. ரிக்கார்டு வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது! "இந்தப் பொண்ணுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது, நம்ம ஊர்க் குளிர் ஒத்துக்கலையா" என்கிறாள் என் மனைவி.

போதாததற்கு ஐப்பசி ஈரத்தில் தட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. கழுவலாமா?

பாண்டிப் பேத்தி:
ஐயா, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. முதலில் பெயர்: ஹார்டி இல்லை, ஆர்தி. பிரெஞ்சில் அந்த முதல் எழுத்துக்கு வாய் திறக்க மாட்டார்கள், என் தாத்தா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. 1962-இலேயே, பதினெட்டு வயதில், கிடுகிடுவென்று பெயர் வாங்கியவர். நீங்கள் வைத்திருப்பது 'லா கெஸ்தியோன்', அதாவது 'கேள்வி'. தூக்கா என்ற பிரேசில்காரப் பெண்தான் பெரும்பாலான மெட்டுகளைப் போட்டு கிட்டாரும் வாசித்தார். குரலையும் கிட்டாரையும் முதலில் பிடித்துவிட்டு, வயலின் கூட்டத்தை அப்புறம்தான் சேர்த்தார்கள். அதனால்தான் அந்த மூச்சு, அந்தக் கீச்சு. வெளிவந்தபோது பெரிதாக விற்கவில்லை. இன்று அவர் ஆல்பங்களிலேயே இதைத்தான் உச்சியில் வைக்கிறார்கள். தூக்கா 1978-இலேயே இறந்துபோனார். ஆர்தி 2024 ஜூனில்.

தலைப்புப் பாட்டில் கேள்வி என்பது வேறு எதுவுமில்லை, பாடுகிறவள் காதலிக்கிற ஆள்தான். கூடவே இருந்தும் பிடிபடாத ஆள். 'மெம் சூ லா ப்ளுயி' என்று ஒன்று இருக்கும், 'மழையிலும்கூட' என்று பொருள். உங்கள் ஊருக்கென்றே வைத்த பெயர்.

குன்னூர் ரிக்கார்டு பைத்தியம்:
கழுவலாம், ஆனால் குழாயடியில் காட்டாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற துணி, கோடு போகிற வாக்கிலேயே துடைப்பு. நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தடவை. பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சைக்கு அதுதான் வீடு. நிறுத்தி வையுங்கள், படுக்கப் போட வேண்டாம். நம் பக்கம் ஈரம் போக அலமாரிக்குள் பல்பு எரியவிடுகிற பழக்கம் உண்டே, அதை ரிக்கார்டை விட்டுத் தள்ளியே வையுங்கள். நான் இரண்டு தட்டை அப்பளமாக்கியிருக்கிறேன்.

கோத்தகிரி தோட்டக்காரன்:
கழுவியாச்சு. இரண்டாம் பக்கம் ஓரிடத்தில் இன்னும் தாவுகிறது, மற்றபடி சுத்தம். பேத்தி சொன்ன மழைப் பாட்டை நேற்று சாயங்காலம் நல்ல மழையில் ஆசையாக வைத்தேன். தகரக் கூரை, அம்மா, ஒரு சொல் காதில் விழவில்லை. எட்டரைக்கு மழை விட்டபிறகு மறுபடி வைத்தோம்.