தண்டுவட உறைப்புறக் கொழுப்புமிகை: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

முதுகெலும்புக்குள் தண்டுவட உறைக்கு வெளியே கொழுப்பு அளவு மீறிச் சேரும் 'ஸ்பைனல் எபிடூரல் லிப்போமடோசிஸ்' என்பதற்கு இங்கே தமிழ்ச்சொல் தேடிவருகிறோம். அதற்கு நம்மில் ஓர் ஐயா தந்த 'தண்டுவடக் கொழுப்புக்கட்டி' வேண்டாம், 'தண்டுவட உறைப்புறக் கொழுப்புமிகை' என்று வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா, மூட்டுவாதத்துக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்துவிடும், உட்கார்ந்தால் சரியாகும். புதுச்சேரியில் எம்ஆர்ஐ எடுத்தபோது, முடிவைப் படித்துச் சொன்னவர் 'முதுகில் கொழுப்புக்கட்டி' என்றார். கடலூர் திரும்பும் வரை பஸ்ஸில் சித்தப்பா வாயே திறக்கவில்லை. கட்டி என்றால் நம் ஊரில் புற்றுநோய்தான். சித்தியோ அன்றைக்கே சமையலில் எண்ணெயை நிறுத்திவிட்டார், கொழுப்பு என்றதும் கொலஸ்ட்ரால் என்று நினைத்து.

'லிப்போமா' என்னும் கொழுப்புக்கட்டிக்குத் தனி உறை உண்டு, அது கட்டி. லிப்போமடோசிஸ் அப்படியல்ல. தண்டுவடத்தைச் சூழ்ந்த டியூரா உறைக்கும் எலும்புக்கும் நடுவே எல்லோருக்கும் இருக்கிற கொழுப்பு அளவு மீறிச் சேர்ந்து நரம்புகளை நெருக்குகிறது. எம்ஆர்ஐயில் டி1 என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது, கொழுப்பை அடக்கி எடுக்கும் படத்தில் கறுத்துவிடும். நெருக்கப்பட்ட உறை குறுக்குவெட்டில் சில சமயம் ஆங்கில 'ஒய்' எழுத்துப் போலிருக்கும். 1975இல் முதலில் பதிவானதும் ஸ்டீராய்டு எடுத்துவந்த, சிறுநீரகம் மாற்றிய ஒருவரிடம்தான்.

இங்கே ஓர் அம்மா கொழுப்புக்குச் சொன்ன 'நிணம்' அழகான பழஞ்சொல். ஆனால் 'நிணநீர்' என்பது லிம்ஃப் என்ற வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது, குழப்பும். 'எபிடூரல்' என்பதற்கு 'உறைமேல்' என்றால் தோலுக்கடியில் என்று நினைப்பார்கள், அதனால் 'உறைப்புற'. தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிகிறதே, அதற்குக் கீழே 'தண்டுவட' பொருந்துமா என்ற கேள்வி சரிதான். ஆனால் அதன் உறை கீழே திருவெலும்பு (முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு) வரை இறங்குகிறது. இங்கே 'தண்டுவட' என்பது உறைக்குத்தான் அடை.

அப்புறம் 'பெருக்கமா', 'மிகையா'? பெருக்கம் என்றால் செல்கள் பெருகும் நோய் போல ஒலிக்கிறது. மிகையைக் குறைக்கலாம். சிகிச்சையும் அதுதானே: உடல் எடையைக் குறைப்பது, ஸ்டீராய்டை மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பது (தானாகச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து). கால் பலவீனமானாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது. எலும்பின் பின்வளைவை எடுத்து நெருக்கடி நீக்கும் அறுவை தேவைப்படலாம்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் 'உறைக்கு வெளியே கொழுப்பு கூடியிருக்கு' என்றதும் சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "அப்போ குறைக்கலாம்ல?"

'மிகைக்கொழுப்பு' பொருளைக் குறிக்கும், 'கொழுப்புமிகை' நிலையைக் குறிக்கும் என்று கொண்டேன். இலக்கணம் தெரிந்தவர்கள் சரியா என்று சொல்லுங்கள்.