பாத எரிச்சல், மதமதப்பு: எல்லாமே சர்க்கரையாலா?

மாடித்தோட்டம்:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, 11 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலை, இரவு. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 7.4. சுத்த சைவம், பால்கூட அதிகம் எடுப்பதில்லை. எட்டு மாதமாக இரண்டு பாதத்திலும் எரிச்சல். இரவில் போர்வை பட்டாலே தாங்கவில்லை. பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறதாம். செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. "சர்க்கரைக்கு இது சகஜம், நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேறு காரணம் இருக்குமா? என்னென்ன சோதனை பார்க்கலாம்?

நரம்புவழி:
"நரம்புத் தளர்ச்சி" என்பதை முதலில் மறந்துவிடுங்கள், அது எந்த நோயின் பெயரும் இல்லை. நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் ரத்தக்குழாய்க்கும் ஓடுகிறது. கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டால் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம்; அது ரத்தநாளம். உங்கள் அம்மாவுக்குக் கெட்டிருப்பது தண்டுவடத்திலிருந்து கால்விரல் வரை வரும் புற நரம்பு.

அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். நுனிக்குச் சத்து போய்ச் சேர்வது கடினம், அதனால் சர்க்கரை முதலில் அங்கேதான் கை வைக்கிறது. விரலில் தொடங்கி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, மாதக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் வழக்கமாகக் கைவிரல் நுனி மரத்துப்போகும். இந்த வரிசை மாறினால் வேறு காரணம் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும், கை முந்திக்கொண்டாலும், உணர்வு சரியாக இருந்து பலம் மட்டும் குறைந்தாலும் அப்படித்தான்.

அம்மாவின் வரிசை சர்க்கரைக்குப் பொருந்துகிறது. ஆனாலும் சைவமும் பல வருட மெட்ஃபார்மினும் சேர்ந்தால் பி12 பார்க்காமல் விடவே கூடாது. அந்த மாத்திரை சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறாரா என்று கேளுங்கள். அப்படியானால் கால் நிலையை மூளைக்குச் சொல்லும் இழைகள் கெட்டிருக்கின்றன. பி12 குறைவில் இது தண்டுவடத்தையும் பிடிக்கும்.

ரத்தத்தில் பி12, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டும்), முழு ரத்த அணு எண்ணிக்கை, புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (ரத்தத்தில் வேண்டாத புரதம் இருக்கிறதா என்று காட்டும்) பாருங்கள். பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடுவது தெரிகிறதா என்று குத்திப் பார்க்கும் நைலான் இழை), பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை (அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க), குதிகால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் பாதம் துடிக்கிறதா என்று) இவற்றை மருத்துவர் பார்க்கட்டும். நரம்புக் கடத்தல் சோதனை நார்மல் என்று வந்தால் நோயே இல்லை என்று ஆகாது. எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் பதிவாகாது.

கிழக்குக்கரை:
இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கையின் உள்பக்கம் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தாலோ, உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தாலோ தொழுநோயா என்று பார்க்க வேண்டும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். காச நோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்கும், நாள்பட்டு மது அருந்துபவர்களுக்கும் இதே எரிச்சல் வரும்.

இன்னொன்று, பொறுத்துப் பார்க்கவே கூடாதது. வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து ஓரிரு வாரத்தில், நாலைந்து நாளுக்குள் கால் பலமிழந்து கைக்கு ஏறினால் அது கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்) ஆக இருக்கலாம். மூச்சுத் தசை நிற்கலாம். அன்றே பெரிய மருத்துவமனை.

மாடித்தோட்டம்:
மிக்க நன்றி. பி12 பார்த்தோம், 168 வந்திருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக "நரம்பு மாத்திரை" எடுக்கிறாரே! அட்டையில் பி6 100 மி.கி., பி12 15 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. காலை ஒன்று, இரவு ஒன்று.

நரம்புவழி:
நல்லவேளை அட்டையைப் பார்த்தீர்கள். பி12 200க்குக் கீழ் (பிகோகிராம்/மி.லி.) என்றால் குறைவுதான். 15 மைக்ரோகிராம் வாய்வழியாகப் போய் இதை ஈடுகட்டாது. அதைவிடக் கவலை பி6. தினம் 200 மி.கி. வருடக்கணக்கில் எடுத்தால் அதுவே புற நரம்பைக் கெடுக்கும், அதே மதமதப்புடன். மருத்துவரிடம் அட்டையைக் காட்டி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்திய பிறகும் சில வாரம் கூடியது போல இருக்கலாம்; பயந்து மறுபடி தொடங்க வேண்டாம்.

பி12 பெரும்பாலும் 1000 மைக்ரோகிராம் ஊசியாகத் தருவார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். சோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எரிச்சலுக்கு டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை பயன்படாது, சிறுநீரகம்தான் கெடும். பிரிகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் இவற்றில் ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பிரிகாபலின் அளவு கிரியாட்டினினைப் பொறுத்தது. அமிட்ரிப்டிலின் வயதானவர்களைத் தலைசுற்றி விழ வைக்கும், இரவில் எழும்போது கவனம்.

பாதம்காப்பு:
மருந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். அதுவரை பாதம் புண்ணாகாமல் இருக்க வேண்டும். எரிகிறதே என்று வெந்நீரில் கால் வைக்க விடாதீர்கள். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். மதியம் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்து வெந்தது தெரியாமல் வருபவர்கள் நிறைய. வேண்டுதல் இருந்தால் விடியற்காலையில் முடித்துக்கொள்ளலாம்.

எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்தது), பின்னால் வார் வைத்தது வாங்குங்கள், கழன்று போகாது. ஆணிக்கால் பிளாஸ்டரும் பிளேடும் வீட்டில் வேண்டாம். வெடிப்புக்கு வாசலின் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். தினம் இரவு உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்து வலி அதிகம் இல்லையென்றால் சுளுக்கு என்று எண்ணி நடக்க விடாதீர்கள். எலும்பு உள்ளே நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்ப எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல்கூடப் போகும். அப்போதும் மருத்துவர் சொல்லும் வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது.