வெள்ளகவிப் பாதையில் பாதியில் திரும்பிய நாள்

எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறைந்திருந்த டிசம்பரில், கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வழியாக வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவளை அழைத்துச் சென்றோம். அந்த ஊருக்குள் யாரும் செருப்பு அணிந்து நடப்பதில்லை என்று சொல்லி வைத்திருந்ததால், தன் செருப்பைக் கழற்றும் இடம் எப்போது வரும் என்று முதல் நாள் இரவிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேர்கள் பின்னிய செங்குத்தான இறக்கத்தில் அவளை முதுகுச் சுமைப்பையில் உட்கார வைத்து நான் சுமந்தேன். சுற்றிலும் மஞ்சு இறங்கியிருந்தபோதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது; அதனால் குளிரைப் பற்றிய எண்ணமே எனக்கு வரவில்லை. அரை மணி நேரமாக அவள் பேச்சு நின்றிருந்ததை, பின்னால் வந்த என் மனைவியும் உறக்கம் என்றே நினைத்தாள். எதிரே தலைச்சுமையோடு ஏறி வந்த ஓர் அம்மாள்தான், தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, “பிள்ள தூங்கலய்யா, வெறச்சுப்போய்க் கெடக்கு. மொதல்ல எறக்குங்க” என்றார்.

உதடுகள் வெளிறி, கூப்பிட்டாலும் முனகலாகவே பதில் வந்தது. மஞ்சில் நனைந்திருந்த சட்டையையும் காலுறைகளையும் கழற்றிவிட்டு, அவளை என் மனைவியின் மார்போடு சேர்த்து அணைத்துக் கம்பளியால் மூடினோம். விழித்த பிறகு வெதுவெதுப்பான பாலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அவள் வாய் திறந்து கடலைமிட்டாய் கேட்கும்வரை அந்த அம்மாள் சுமையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார். பிறகு நாங்கள் வட்டக்கானலுக்கே திரும்பிவிட்டோம்.

நடப்பவர் உடலில் பிறக்கும் சூடு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம் என்பதால், இருக்கும் சூடும் விரைவாக இறங்கிவிடுகிறது. அன்று சுமைப்பையின் தொடைப்பட்டையையும் நான் இறுக்கமாகக் கட்டியிருந்தேன்; அதுவும் கால்களுக்கு இரத்த ஓட்டத்தைக் குறைத்திருக்கும். இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க விடுகிறோம், கையை மட்டும் நம்பாமல் பிடரியையும் தொட்டுப் பார்க்கிறோம், ஒரு மாற்றுடையை நனையாத உறையில் வைத்துக்கொள்கிறோம். செருப்பைக் கழற்றும் ஊருக்கு எப்போது போவோம் என்று அவள் இன்னும் கேட்கிறாள். அவள் தானே நடந்து இறங்கி ஏறும் வயதில்தான் போவோம்.

*

மேலே உள்ளதைப் படித்த இன்னொரு பெற்றோர் நான்; கோத்தகிரியிலிருந்து என் அனுபவத்தையும் இதனோடு சேர்க்கிறேன். லாங்வுட் சோலையை அடுத்த தேயிலைத் தோட்டப் பாதையில், ஐந்து வயது மகனோடு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது, வளைவில் ஒரு காட்டுமாடு கன்றோடு நின்றது. நான் கையை நீட்டுவதற்குள் அவன் கன்றைப் பார்க்கும் ஆசையில் நாலடி முன்னே போய்விட்டான். தாய் தலையைத் தாழ்த்திச் சீறியது. “சிலை” என்று மெதுவாகச் சொன்னேன். வீட்டில் நாங்கள் விளையாடும் சொல் அது, கேட்டதும் அவன் அசையாமல் நின்றான். நான் மெல்ல நெருங்கி அவன் தோளைப் பற்றி, மாட்டுக்கு முதுகைக் காட்டாமல் இருவரும் பின்னடி எடுத்து வைத்தோம். அது கன்றைத் தள்ளிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிவிட்டது. அந்த விளையாட்டை இப்போது அவன் தங்கைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம்.