பால்சாக் கோபுரம் 6 கிலோவிலேயே வளையுது, காலைத் தடிப்பாக்கலாமோ?

கிளிநொச்சி:
பள்ளிக்கூடப் போட்டிக்குப் பிள்ளையள் பால்சா எண்ட பாரம் குறைஞ்ச மரத்தில கோபுரம் கட்டுகினம். உயரம் 60 செ.மீ, அடி 14 செ.மீ சதுரம், தலை 5 செ.மீ. நிறை 15 கிராமைத் தாண்டக்கூடாது, தலையில இருந்து சங்கிலியில தொங்கிற வாளிக்குள்ள 15 கிலோ மண் ஊத்தத் தாங்கவேணும். கால் நாலும் 4 மி.மீ சதுரத் தடி, 20 செ.மீக்கு ஒரு கிடைத்தடி. 6 கிலோ ஏற நடுத்தட்டில கால் வளைஞ்சு முறியுது. ஒட்டு ஒண்டும் விடேல்லை. காலை 5 மி.மீ ஆக்கினால் சரிவருமோ?

மாங்குளம்:
ஒட்டு விடாமல் கால் வளையிறதெண்டால் மரத்தில பிழையில்லை, பிடிப்பில்லாத நீளம் கூடிப்போச்சு. மெல்லிய தடி எவ்வளவு பாரத்தில வளையும் எண்டு சொல்லுற ஒயிலரின் சூத்திரப்படி 4 மி.மீ நடுத்தர பால்சாத் தடி 20 செ.மீ நீளத்தில ஏறக்குறைய 1.6 கிலோதான் தாங்கும். நாலு காலுக்கும் 6.4. நீங்கள் சொன்ன 6 கிலோ அதுதான். நீளம் பாதியானால் பலம் நாலு மடங்கு, அதால 10 செ.மீக்கு ஒரு கிடைத்தடி போடுங்கோ. கணக்கில 25 கிலோ வரும்; கோணல்மாணல் எல்லாம் கழிச்சாலும் 15 நிற்கும். 5 மி.மீ கால் எண்டால் 15.6 கிலோதான், கைக்காவலுக்கு ஒண்டும் மிஞ்சாது. காலில மட்டும் மூண்டரைக் கிராமும் ஏறும்.

ஒட்டுசுட்டான்:
கிடைத்தடி மட்டும் காணாது. எத்தினை போட்டாலும் நாலு காலும் சேர்ந்து ஒரே பக்கம் சரியலாம், அப்ப அந்த 25 கிலோக் கணக்குச் செல்லாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெருக்கல் குறி போல ரெண்டு சரிவுத்தடி வேணும். 3 × 1.5 மி.மீ போதும். ரெண்டும் குறுக்கிடுற இடத்தில ஒரு பொட்டுப் பசை வையுங்கோ, அவையும் வளையாது. கோபுரம் முறுகாமல் இருக்க 20, 40 செ.மீ உயரத்தில உள்ளுக்கு, அடுத்தடுத்த கிடைத்தடியளின்ர நடுவை இணைச்சு நாலு சின்னத்தடி; சங்கிலி இறங்க நடு வெறுமையாய் இருக்கட்டும். கிடைத்தடியும் சரிவுத்தடியும் சேர்த்து ஒன்பதரை மீற்றர் வரும், மெல்லிய மரமெண்டால் 5 கிராம். கால் 6, பசை ஒண்டரை. 13க்குள்ள முடியும்.

பரந்தன்:
தடி தெரியிறதில கவனமாயிருங்கோ. 60 செ.மீ, 4 மி.மீ தடி ஒண்டரைக் கிராம் அளவில இருக்கவேணும், 1.2க்குக் கீழ எண்டால் காலுக்கு எடுக்காதேங்கோ, சரிவுத்தடிக்கு வெட்டுங்கோ. நாலு காலும் கிட்டத்தட்ட ஒரே நிறை. நகைக்கடையில பாவிக்கிற மாதிரிச் சின்னத் தராசு வேணும்.

முழு அளவில படம் கீறி, மேல பொலித்தீன் விரிச்சு, எதிரெதிர் ரெண்டு முகத்தையும் முதல்ல தட்டையாய் ஒட்டுங்கோ. குண்டூசி தடிக்குப் பக்கத்தில, தடிக்குள்ள இல்லை. பிறகு நிமிர்த்தி மற்ற ரெண்டு முகம். சரிவுத்தடியைக் காலின்ர முகத்தில படியவைச்சு ஒட்டவேணும். நுனியை முட்டவைச்சால் ஒட்டு நிற்காது. வெள்ளை மரப்பசை காணும், மாரியில ஒரு இரவு விடுங்கோ. பால்சா ஈரத்தையும் இழுக்கும், மூடின பெட்டியில ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. இல்லாட்டி நிறை பார்க்கிற அண்டைக்கு வரம்பைத் தாண்டும்.

கடைசியாய், கண்ணாடியில மண்கடதாசி ஒட்டி நாலு பாதத்தையும் தேய்ச்சு மட்டமாக்குங்கோ. ஒண்டு அரை மி.மீ கட்டையெண்டாலும் பாரம் எதிர்மூலை ரெண்டு காலில போகும். 7.5 கிலோ வீதம், 10 செ.மீக்குக் கிடைத்தடி போட்டாலும் ஒரு கால் தாங்கிறது 6.4!

கிளிநொச்சி:
விளங்குது. மண் ஊத்தேக்க வாளி ஆடுது, அதுக்கு?

ஒட்டுசுட்டான்:
காய்ஞ்ச மண்ணை அரிச்சு, புனலால மெல்ல விடுங்கோ. ஈரமண் கட்டியாய் விழும். சங்கிலி கோபுரத்தின்ர நடுவால நேரே இறங்கவேணும், ஒரு தடியிலும் முட்டக்கூடாது.