பரியாரியாரின் மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது தேவையா?

புளியங்குளத்தான்
வன்னியில் பரியாரியார்கள் (நாட்டு வைத்தியர்கள்) வழங்கும் மூலிகை மருந்துகளை ஆய்வுகூட எலிகளுக்குக் கொடுத்து நஞ்சுத்தன்மை பார்க்க வேண்டும் என்று சென்ற கிழமை எழுதியிருந்தேன். "தலைமுறை தலைமுறையாக உண்டவர்களே சான்று" என்று பலர் மறுத்தீர்கள். உடனே தெரியும் கெடுதிக்குத்தான் அந்தச் சான்று உதவும். பாம்புக்கடிக்கு அரைத்துக் கொடுக்கும் ஈசுரமூலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. அது எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1982இலேயே வெளியிடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில், உடல் மெலியவென்று கொடுத்த சீன மூலிகைத் தூளில் அவ்வினத்துச் செடியொன்று மாறிக் கலந்துவிட்டதால், நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகியது; அவர்களிற் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. வருடங்கள் கழித்து வரும் அத்தகைய நோயை எந்தப் பரியாரியார் தன் மருந்தோடு சேர்த்துப் பார்த்திருக்க முடியும்?

ஒட்டுசுட்டான் பேர்த்தி
அண்ணா, என் அப்பப்பா விஷகடிப் பரியாரியார். எனவே இதை வீம்புக்காக எழுதவில்லை. அவர் எட்டி விதையைப் பாலில் வேகவைத்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருக்கும் முளையை நகத்தால் கிள்ளி எறிவார். அந்தப் பாலை நாய் நக்கிவிடக் கூடாதென்று குழி தோண்டி ஊற்றி, மண் மூடி மிதித்த பிறகுதான் எழும்புவார். ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன? செடியை உலர்த்தி, இடித்து, எத்தனோலில் ஊறவைத்து, வற்றிய பசையை ஒரு கிலோ உடல் எடைக்கு 2000 மில்லிகிராம் என்று எலிக்குப் புகட்டுகிறார்கள். இப்படி நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாத, அளவு தெரியாத அந்தப் பசை எங்கள் மருந்தே அல்ல. அதன் முடிவை எங்கள் மருந்தின் தலையில் எப்படிக் கட்டலாம்?

புளியங்குளத்தான்
தங்கச்சி, அந்தப் பசை பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பரியாரியார் கொடுக்கும் குடிநீரையே (கஷாயத்தையே) சோதிக்க வேண்டும். ஆனால் அளவு குறித்து ஒரு கணக்கு. எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது ஏறத்தாழ ஆறால் வகுப்பார்கள். நீங்கள் சொன்ன 2000 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 19 கிராம் அளவில் வரும். எதிர்பாராமல் கூடக் குடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கான உச்ச எல்லை அது. பாதி எலிகள் சாகும் அளவைத் தேடிய பழைய முறை சர்வதேச வழிகாட்டிகளிலிருந்து 2002இல் நீக்கப்பட்டது. இப்போது சோதனையின் ஒவ்வொரு படிக்கும் மூன்று எலிகள், 14 நாள் கண்காணிப்பு.

குளக்கட்டு
நான் தெற்கில் ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் எலி பிடித்துக் கொடுத்தவள். முனையில் சிறு உருண்டை வைத்த வளைந்த ஊசியை எலியின் தொண்டைக்குள் இறக்கும்போது, அதன் நெஞ்சு என் பெருவிரலின் கீழ் அடித்துக்கொள்ளும். எலியால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனதோடு அது கிடந்து தீர வேண்டும். ஈசுரமூலியை உதாரணம் காட்டுகிறீர்கள் ஐயா. அதிலுள்ள அமிலத்தை இரசாயனப் பகுப்பாய்வே காட்டிவிடும். மரபணுவைக் கெடுக்கும் தன்மையை பற்றீரியாவில் செய்யும் ஏம்ஸ் சோதனை காட்டிவிடும். எலி எதற்கு? கார்த்திகைக் கிழங்கிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சை எலியினம் மனிதனைவிடக் கூடுதலாகத் தாங்குகிறது. அதை நம்பி அளவு வகுத்தால் ஆளே போய்விடுவார்.

புளியங்குளத்தான்
அதனால்தான் எலி தாங்கிய அளவை அப்படியே எடுக்காமல், இனவேறுபாட்டுக்குப் பத்து, ஆளுக்கு ஆள் வேறுபாட்டுக்குப் பத்து என்று நூறால் வகுக்கும் வழக்கம் வந்தது. தெரிந்த நஞ்சு இருந்தால் பகுப்பாய்வோடு நிறுத்தலாம். அதற்காக ஓர் எலியையும் தொடக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். தெரியாத நஞ்சைப் பகுப்பாய்வு தேடாது. பற்றீரியாவுக்குச் சிறுநீரகம் இல்லை. காரணம் முழுமையாகத் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியா வரை இருக்கிறது. அதை மூலிகையின் மேல் நான் சுமத்தவில்லை. ஏற்கெனவே நோயுள்ள ஒருவர் குடிக்கும் மருந்தென்பதால்தான் அஞ்சுகிறேன்.

ஒட்டுசுட்டான் பேர்த்தி
நேற்றிரவு அப்பாவிடம் கேட்டேன். விஷகடிக்கு ஒருநாள், இருநாள்தானாம். ஆனால் கரப்பான் என்ற தோல் நோய்க்கு ஆடுதின்னாப்பாளை ஒரு மண்டலம் கொடுப்பாராம். அதுவும் ஈசுரமூலியின் இனம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அப்படியானால் அதை முதலில் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். அமிலம் இருந்தால் அத்தோடு நிறுத்துவோம் என்று அப்பாவே சொன்னார். நஞ்சு எதுவும் பிடிபடாத மற்ற நீண்டகால மருந்துகளுக்கு, 48 நாள் குடிப்பதை 14 நாளில் பார்ப்பது போதாது. 90 நாள் சோதனையாக இருக்கட்டும். குடிநீரை எங்கள் அடுப்பில் அப்பாவே காய்ச்சித் தருவார். முடிவை எங்கள் முற்றத்தில் வந்து அவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது.