எட்டு மணி

தாத்தா: 9ஆம் தேதி எட்டு மணி இந்த வருஷம் நான்தான் அடிக்கணும்னு எங்க முன்னாள் கடற்படைக்காரங்க சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. வர்றவங்க வாங்க. குக்கர் மூழ்கி 54 வருஷம் ஆச்சு.

அத்தை: அப்பா, குக்கரா??

அண்ணன்: தாத்தா பேசிப் பேசி டைப் பண்றார் அத்தை. குக்ரி.

தாத்தா: ஆமா குக்ரி. ஐ.என்.எஸ். குக்ரி, நம்ம கடற்படைக் கப்பல். போன வருஷமும் இந்த போன் இப்படித்தான் மானத்த வாங்குச்சு, சங்க குரூப்லயே.

பெரியப்பா: எட்டு மணின்னா ஏழுக்குக் கிளம்பணும். செவ்வாய்க்கிழமை டிராஃபிக் வேற. கார் சொல்லிட்டேன்.

அம்மா: மாமா, அழைப்பிதழ்ல பத்துன்னு இருக்கே?

தாத்தா: நிகழ்ச்சி பத்துக்கு. எட்டு மணி வேற.

பெரியப்பா: எட்டா பத்தா, ஒண்ணு சொல்லுங்கப்பா. டிரைவர் கேக்கறான்.

தாத்தா: மணிடா. நேரம் இல்ல. அடிக்கிற மணி. வெண்கலம்.

தாத்தா: 🎤 4:12

நான்: பெரியப்பா நாலு நிமிஷம் கேக்க மாட்டீங்க, எழுதிடறேன். கப்பல்ல ஒரு வாட்ச், அதாவது ஒரு டியூட்டி, நாலு மணி நேரம். அரை மணிக்கு ஒரு அடி, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு, இப்படி ஏறிக்கிட்டே போய் எட்டு அடி அடிச்சா வாட்ச் முடிஞ்சுது, அடுத்த ஆள் வந்துட்டான், நீ போய்ப் படுக்கலாம்னு அர்த்தம். ஒரு மாலுமி இறந்தா அதே எட்டு அடி. ஜோடி ஜோடியா அடிக்கணுமாம். டிங்டிங், டிங்டிங்.

அம்மா: ஓ, அதான் நாலு நாளா ராத்திரி டம்ளர்ல ஸ்பூனால தட்டிக்கிட்டு இருக்கீங்களா மாமா. நான் தண்ணி கேக்கறீங்கன்னு ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தேன்.

தாத்தா: கை நடுங்குதும்மா. ரெண்டாவது அடி பிந்திடுது. ஜோடி உடைஞ்சா கேக்கறவனுக்குத் தெரிஞ்சிடும், எல்லாம் பழைய ஆளுங்க.

அண்ணன்: ஹூட்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல். 1941ல மூழ்கினப்போ 1,415 பேர் போயிட்டாங்க, மூணே பேர் பொழைச்சாங்க. 2015ல அதோட மணியைக் கடலடியிலேர்ந்து எடுத்தாங்க. அடுத்த வருஷம் மே 24, மூழ்கின அதே தேதியில, இளவரசி ஆன் அந்த மணியில எட்டு தடவ அடிச்சாங்க. வீடியோ இருக்கு தாத்தா, அனுப்பறேன்.

தாத்தா: அனுப்பு. அவங்களுக்கு அவங்க கப்பல் மணியே கிடைச்சுது. எங்களுக்கு சங்கத்துல எவரோ பழைய பித்தளைக் கடையில வாங்கினது. சத்தம் பரவாயில்ல.

பெரியப்பா: சரிப்பா, நீங்க குக்ரியில இல்லையே? விக்ராந்த்ல இல்ல இருந்தீங்க?

தாத்தா: நான் அந்தப் பாகிஸ்தான் சண்டையில கிழக்குக் கடல்ல, விக்ராந்த்ங்கற விமானந்தாங்கிக் கப்பல்ல. அதையும் 2014ல உடைச்சு இரும்பா வித்தாச்சு, அது வேற வயித்தெரிச்சல். ஆனா குக்ரியில இருந்த நாலு பேர் என் பேட்ச். விசாகப்பட்டினத்துல ஒரே டார்மிட்டரி. ஒருத்தன் என் ஷூவப் போட்டுக்கிட்டுப் பரேடுக்குப் போயிட்டான், தண்டனை எனக்கு.

தாத்தா: 1971 டிசம்பர் 9, ராத்திரி எட்டே முக்கால் வாக்குல. டையூ பக்கத்துல. பாகிஸ்தான் நீர்மூழ்கி, ஹாங்கோர். டார்பிடோ பட்டுக் கொஞ்ச நிமிஷத்துல கப்பல் கிடையாது. 18 ஆபீசர், 176 செய்லர் போயிட்டாங்க. 67 பேரைத்தான் மீட்க முடிஞ்சுது.

அத்தை: கேப்டன் கூட கப்பலோடயே போயிட்டார்னு சொல்வீங்களேப்பா

தாத்தா: முல்லா. மகேந்திர நாத் முல்லா. தன் லைஃப் ஜாக்கெட்டக் கழட்டி ஒரு சின்னப் பையனுக்குக் குடுத்துட்டாராம். மகாவீர் சக்ரா குடுத்தாங்க.

தாத்தா: நல்லா கவனி. எட்டு மணிக்கு வாட்ச் மாறியிருக்கும். எட்டரைக்கு ஒரு அடி. அவ்வளவுதான் அடிச்சிருப்பான். மீதி ஏழு அடி அந்த வாட்ச்சுக்கு அடிக்கவே இல்ல.

அத்தை: 😔

அம்மா: 🙏

பெரியப்பா: காரை ஒன்பதுக்கு மாத்திட்டேன்.

நான்: பெரியப்பா, பெரிய வண்டியா சொல்லுங்க. ஸ்டோக்கர் வீட்டுப் பாட்டியும் வர்றாங்க.

அத்தை: யாருடி அது?

நான்: ஷூ போட்டுக்கிட்டுப் போனாரே, அவரோட மனைவி. அவர் கப்பல்ல ஸ்டோக்கர், இன்ஜின் ரூம் வேலை. கல்யாணமாகி ஆறு மாசத்துல கப்பல் போயிடுச்சு. நவம்பர்ல தாத்தாகூட நான்தான் அவங்க வீட்டுக்குப் போனேன், லைஃப் சர்டிஃபிகேட் எடுக்க. சங்கத்துல இருக்கறதுலயே ஒழுங்கா நடக்கற வேலை அதுதான் அத்தை. மாலை, மேடையெல்லாம் ஒரு நாள். இவங்க நவம்பர் முழுக்க போனை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போறாங்க. வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு ஸ்பர்ஷ்ல, அதான் ராணுவப் பென்ஷன் வெப்சைட்ல, காட்டலேன்னா பென்ஷன் நின்னுடும்.

அத்தை: கைரேகை வைக்கறதுதானே?

நான்: அவங்க ரேகை தேஞ்சு போச்சு, மெஷின் எடுக்கல. முகத்தக் காட்டற ஆப்ல எடுத்தோம். அது கண்ணச் சிமிட்டச் சொல்லுது. நான் "பாட்டி, கண்ணச் சிமிட்டுங்க"ன்னேன். "இந்த வயசுலயாடி"ன்னு அவங்க சிரிக்க, படம் ஆடிப்போச்சு. அஞ்சாவது தடவைதான் எடுத்துச்சு. தாத்தா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.

தாத்தா: வெயில் கண்ணுல பட்டுது.

நான்: வீட்டுக்குள்ள தாத்தா.

பெரியப்பா: 😂

தாத்தா: பேரு விஷயத்தையும் எழுது. அதுதான் முக்கியம்.

நான்: அவர் பேரை சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு எழுத்து மாத்தி ஏத்திட்டாங்க. அவங்க ஆதார்ல கணவர் பேரு சரியா இருக்கு. ரெண்டும் பொருந்தலேன்னு ஒரு ஆபீஸ்ல எட்டு மாசம் பென்ஷன நிறுத்தி வெச்சுட்டாங்க. சங்கத்து ஆளுங்கதான் மாத்தி மாத்தி மனு எழுதிச் சரி பண்ணினாங்க. இப்ப 9ஆம் தேதிக்கு அச்சடிச்ச பட்டியல்லயும் அதே தப்பு எழுத்து!

அம்மா: அடக் கடவுளே.

தாத்தா: பட்டியல் கிடக்கட்டும். படிக்கப்போறது நான். அவங்க சொல்ற மாதிரிதான் படிப்பேன். நேத்து போன் பண்ணி மூணு தடவ சொல்ல வெச்சுக் கேட்டுக்கிட்டேன்.

அண்ணன்: படிக்கறதும் நீங்க, மணியும் நீங்களா தாத்தா?

தாத்தா: இல்ல, எங்க நாலு பேரை மட்டும் நான் படிப்பேன். இந்த வருஷம் வீட்டுலயே காலமான மூணு பேருக்கு செக்ரட்டரி படிப்பார். கடைசியில மொத்தமா ஒரு எட்டு மணி.

அத்தை: கண்ணாடி மாத்தாம எப்படிப்பா படிப்பீங்க?

அண்ணன்: நாலு பேரையும் ஒரு பக்கத்துக்கு ஒரு பேரா பெருசா பிரிண்ட் எடுத்துத் தர்றேன். சரியான எழுத்துல.

பெரியப்பா: ஏழு சீட் வண்டி சொல்லியாச்சு. அந்தம்மாவுக்கு முட்டி வலின்னா முன் சீட் குடுத்துடலாம். வழியில ஏத்திக்கணுமா?

நான்: ஆமா பெரியப்பா. ஒன்பதேகாலுக்கு வாசல்ல நிப்பாங்களாம்.

அம்மா: மாமா, இன்னிக்கு ராத்திரி டம்ளர் வேண்டாம். பூஜை மணி எடுத்து வெச்சிருக்கேன், அதுல பழகுங்க.

தாத்தா: அது கிணிகிணிங்குதேம்மா. டம்ளரே தேவல.