ரங்கூன் மல்லி பூக்கல. கொட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

திருநகர் மாடித்தோட்டம்:
கேட்டுக்கு மேல கம்பி வளைவு கட்டி ரங்கூன் மல்லி ஏத்திவிட்டோம். கொடி மொட்டைமாடி தாண்டிருச்சு, ஒரு பூ இல்ல. மாசாமாசம் யூரியா, தினமும் தண்ணி. பக்கத்து வீட்டு அக்கா வேற, "இந்தக் கொட்டையத் தின்னா வயித்துப்பூச்சி விழுந்துரும், பர்மாவுல எங்க தாத்தா கொடுப்பாரு"ங்கிறாங்க. மகனுக்கு அஞ்சு வயசு. கொடுக்கலாமா?

அழகர்கோயில் ரோடு நர்சரி:
தங்கச்சி, முதல்ல யூரியாவ நிறுத்துங்க. தழைச்சத்து கூடினா இலையாத்தான் தள்ளும். வேர் நல்லா இறங்கின கொடிக்கு மேல்மண் காஞ்சபிறகு தண்ணி விட்டாப் போதும். அரைநாளாவது நேர்வெயில் விழணும். பூ புதுத்தளிர்லதான் வரும், அதனால கவாத்து முக்கியம். நம்மகிட்ட கன்னு வாங்குறவுக வெட்ட மனசில்லாம கரண்டு கம்பி வரைக்கும் ஏத்திட்டு வந்து நிக்கிறாக! பழைய தண்டுல இலைக்காம்பு முள்ளு மாதிரி நிக்கும், கையுறை போட்டுக்கங்க. புதுக்கன்னு வேணும்னா தண்டை வளைச்சுப் பதியம் போடுங்க.

பூத்துச்சுன்னா சாயங்காலம் வெள்ளையா விரியும், மறுநாள் ரோஸு, அப்புறம் சிவப்பு. வெள்ளையா இருக்கிற ராத்திரி அந்துப்பூச்சி தேடி வரும். வாசமும் ராத்திரிதான் தூக்கலா இருக்கும். ஆனா தலைக்கு வைக்க யாரும் கேக்கிறதில்ல. மதுரை மல்லி விக்கிற ஊர்ல இதுக்கு என்ன மரியாதை?

அக்கா சொல்றது பொய்யில்ல. சீன வைத்தியத்துல இதோட காஞ்ச விதை குடல்புழுவுக்குப் பழைய மருந்து. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைச்ச பத்து மூலிகையில இதுவும் ஒண்ணு. ஆனா அளவு கூடினா விக்கல் பிடிச்சுக்கும், வாந்தி, தலைசுத்தல் வரும். பிள்ளைக்கு நம்ம கையால வேணாம். அதுவுமில்லாம, அடுக்குப்பூ ரகமா இருந்தா காய் பிடிக்கிறதே அபூர்வம்.

மேலூர் செவிலியர்:
அண்ணன் சொல்றதுதான் சரி. 1 வயசுலருந்து 19 வயசு வரைக்கும் அங்கன்வாடியிலயும் பள்ளிக்கூடத்துலயும் குடல்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாத் தர்றாங்க. உங்க மகன் வயசுக்கு 400 மில்லிகிராம், ஒரு முழு மாத்திரை, நல்லா மென்னு முழுங்கணும். அன்னைக்குக் காய்ச்சல் இருந்தா தள்ளிப்போடுங்க. செருப்பு, நகம், கை கழுவுறது மூணையும் கவனிங்க. இல்லாட்டி திரும்பவும் வரும்.

திருநகர் மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றிக்கா. அண்ணே, எங்க கொடியும் கரண்டு கம்பியத் தொட்டுருச்சு. சித்திரை வெயிலாச்சே, இப்ப வெட்டலாமா?

அழகர்கோயில் ரோடு நர்சரி:
இந்த வெயில்ல மொட்டையடிக்காதீங்க, ஒரு கோடைமழை விழட்டும். ஆனா கம்பியத் தொட்டதுக்கு மழையெல்லாம் பாக்கக்கூடாது. நீங்களும் கைவைக்காதீங்க, ஈ.பி.யில சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்க.